ராஜபாளையம் குரைத்தால் அது ஆகுபெயர்

'எங்க வீட்ல ஒரு ராஜபாளையம் நிக்குது' என்று தென்மாவட்டத்துக்காரர் ஒருவர் சொன்னால், ஊர் எப்படி வீட்டில் நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக ஒரு வேட்டைநாய் கண்முன் வந்துவிடும். ஊரின் பெயர் நாய்க்கு ஆகி வந்திருக்கிறது: இடவாகுபெயர். அங்கிருந்து மதுரை சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவா கடையில் 'கால் கிலோ குடுங்கண்ணே' என்கிறோம். அளவின் பெயர் பண்டத்துக்கு ஆகி வந்தது: எடுத்தலளவை ஆகுபெயர். ஆடிப்பூரத்தன்று 'ஊரே தேர் இழுக்க வந்துருச்சு' என்றால் மறுபடியும் இடவாகுபெயர்.

இலக்கணம் நம் வாயிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்ததால்தான் பலருக்கு அது கசந்துபோனது. கவிதையில் வரும் அணியும் அப்படித்தான்: அதன் பெயரை முதலில் மனப்பாடம் செய்துவிட்டுப் பாட்டுக்குள் போனால் பாட்டு தெரியாது. எந்த இடம் நம்மை நிறுத்தியது என்று முதலில் பாருங்கள். அதையே நாமாக இருந்தால் எப்படிச் சொல்லியிருப்போம் என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லுக்கும் கவியின் சொல்லுக்கும் நடுவே நடந்திருக்கும் வேலைக்குத்தான் அணி என்று பெயர்.

இதைப் பழக ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் நாலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். மழையைக் கூப்பிடும் பாசுரம். கடலுக்குள் புகுந்து நீரை மொண்டுகொண்டு மேலேறு, திருமாலின் மேனிபோலக் கறுத்துக்கொள், அவன் சக்கரம்போல மின்னு, சங்குபோல முழங்கு, வில்லிலிருந்து புறப்பட்ட அம்புகள்போலப் பொழி என்கிறாள். எட்டு அடிக்குள் நான்கு 'போல்'. உவமை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். நகராதீர்கள்.

நாம் வழக்கமாக எப்படிச் சொல்வோம்? மேகம் போன்ற மேனி, மின்னல் போன்ற சக்கரம், இடி போன்ற சங்கொலி, மழை போன்ற அம்பு. ஆண்டாள் நான்கையும் திருப்பிப் போட்டிருக்கிறாள். உவமையாக வரவேண்டியதைப் பொருளாகவும், பொருளாக வரவேண்டியதை உவமையாகவும் மாற்றிச் சொல்வதைத் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் விபரீத உவமை என்கிறது. தெரிந்ததைக் காட்டித் தெரியாததை விளக்குவதுதான் உவமையின் வேலை. அப்படியென்றால் இந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரிந்தவன் அவன்; மழைதான் விளக்கப்பட வேண்டியது. அவளுடைய காதல் எவ்வளவு என்பதை நான்கு 'போல்' சொல்லிவிடுகின்றன. அம்பு கொல்வது, இந்த மழையோ உலகம் வாழப் பெய்வது என்ற முரணும் அங்கேயே இருக்கிறது.

காதுக்கும் வேலை உண்டு. ஏழு அடிகளில் இரண்டாம் எழுத்து ழகர வரிசை, அதாவது அடியெதுகை. பாசுரம் முழுக்க ழகரம் 11 இடத்தில் வருகிறது. 'ஆழி' ஓரிடத்தில் கடல், இன்னோரிடத்தில் சக்கரம். ஒரே சொல் வேறு பொருளில் திரும்பி வருவது சொற்பின்வருநிலையணி.

ஆண்டாளின் இன்னொரு நூலான நாச்சியார் திருமொழியில் 143 பாசுரங்கள். ஏழாம் திருமொழியில் திருமாலின் வெண்சங்கைக் கூப்பிட்டு, அவன் வாயின் மணமும் சுவையும் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். அந்த உதடுகளைத் தொட்டது அந்தச் சங்கு. மனிதரிடம் கேட்கக் கூசும் கேள்வியைப் பதில் பேசாத பொருளிடம் கேட்கலாம். அஃறிணைப் பொருள்கள் கேட்பதுபோலவும் பேசுவதுபோலவும் வைத்துச் சொல்ல நன்னூல் இடம் கொடுத்திருக்கிறது. என்னைக் கேட்டால், தமிழில் அந்த விதி தொட்ட உச்சம் இந்தச் சங்குதான்.

பத்தாம் திருமொழியில் முல்லை பூத்திருக்கிறது. பருவம் வந்தால் முல்லை பூக்கும். ஆண்டாளுக்கோ அது தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தெரிகிறது. சிரித்து என்னை வதைக்காதே என்று கெஞ்சுகிறாள். இயல்பாக நடப்பதன்மேல் கவி தன் குறிப்பை ஏற்றுவது தற்குறிப்பேற்ற அணி. இந்த ஒரு பாட்டு மனதில் இருந்தால் அந்தப் பெயர் மறக்காது.

ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர்கள் மொழியில் கிருஷ்ணதேவராயர் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஆமுக்தமால்யதா, பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த வில்லிபுத்தூரின் கதை. நாம் தற்குறிப்பேற்றம் என்பதை அங்கே உத்பிரேட்சை என்பார்கள். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் ஆண்டாளையும் ஆமுக்தமால்யதாவையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அந்தச் சுகம் மற்றவர்களுக்கு வாய்க்காது.

பெரியாழ்வார் நிலாவைக் கூப்பிடும் பதிகத்தையும் விட்டுவிடாதீர்கள். குழந்தைக் கண்ணனோடு விளையாட வா என்று கொஞ்சுவார். அவன் முகத்துக்கு நீ ஈடாக மாட்டாய் என்பார். சிறுபிள்ளை என்று எண்ணாதே, மாவலியிடம் போய்க் கேள் என்று மிரட்டுவார். பின்னாளில் பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவமாக வளர்ந்தது இந்த வித்துதான்.

மார்கழி நாலாம் நாள் பாசுரத்தைப் பென்சிலோடு படியுங்கள். ழகரத்தை வட்டமிடுங்கள், 'போல்' வரும் இடங்களில் அடிக்கோடு போடுங்கள். பிறகு வாய்விட்டு இரண்டு முறை சொல்லுங்கள். தண்டியலங்காரத்தை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.