வெள்ளை யானையில் வெளியேறியவர்

விருத்தாசலத்து இறைவன் தந்த 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்த கதை சைவர்களுக்கு மனப்பாடம். பொன் இடம் மாறியதைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. ஆற்றில் இடும் முன்பே சுந்தரர் அந்தப் பொன்னிலிருந்து மாதிரித் துண்டாக மச்சம் வெட்டி வைத்துக்கொள்கிறார். குளத்தில் எடுத்ததை உரைத்துப் பார்த்தால் மாற்று குறைகிறது. மீண்டும் பாடிய பிறகே மச்சத்தோடு ஒக்கிறது. வெளியிலிருந்து வந்த பொன்னும் இவ்வுலக உரைகல்லுக்குத் தப்பவில்லை என்பதைப் 12ஆம் நூற்றாண்டிலேயே, சுந்தரர் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் கண்டிருக்கிறார்.

இவ்வுலகுக்கு ஒரு ‘வெளி’ உண்டு என்ற எண்ணம் இன்றைய தத்துவத்திலும் இருக்கிறது. நாம் வாழும் உலகம் கணினிக்குள் ஓடும் மெய்நிகர் உலகமாக இருக்கலாம் என்ற வாதத்தை 2003இல் தத்துவவாதி நிக் பாஸ்ட்ரம் முன்வைத்தார். அதை இயக்குபவர்கள் நமக்குக் கடவுளர் போன்றவர்கள், நினைத்தால் குறுக்கிடக் கூடியவர்கள் என்றார். 2022இல் வந்த நூலில் இன்னொரு தத்துவவாதியான டேவிட் சால்மர்ஸ் இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறார்: ‘மேட்ரிக்ஸ்’ திரைப்பட நாயகனைப் போல் உடல் வெளியே கிடக்க உள்ளே உலவுபவர்கள் ஒரு வகை, நிரலாகவே பிறந்து வேறு உடலே இல்லாதவர்கள் மறுவகை.

சுந்தரர் முதல் வகைக்கு நெருங்கியவர். கயிலையில் மாதர்மேல் மனம்வைத்ததால் திருநாவலூரில் பிறக்கிறார். வந்த இடம் மறந்துபோகிறது. அவருடைய மணப்பந்தலுக்கு முதியவராக வரும் இறைவனும் அதிசயம் காட்டி அவரை மீட்கவில்லை. சுந்தரர் தம் அடிமை என்னும் ஓலையைக் காட்டி, திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்காடி வெல்கிறார். நுழைபவர் யாரானாலும் இங்குள்ள சட்டத்துக்கு உட்பட வேண்டும். தங்கி வாழ்பவர் நினைவையும் இழக்க வேண்டும்.

ஞானவாசிட்டம் என்ற நூலில் வரும் அரசி லீலையோ தூல உடலை விட்டுவிட்டுச் சரசுவதியோடு உலகத்துக்குள் உலகமாகப் புகுந்து திரும்புகிறாள். ஓர் அந்தணர் வீட்டில் எட்டு நாள் கழிவதற்குள், அவ்வீட்டுக்குள்ளேயே அடங்கிய இன்னோர் உலகில் ஓர் அரசனின் ஆயுட்காலமே ஓடிவிடுகிறது.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் கடவுள் எதையும் மறக்காமல் சென்னைக்கு வருகிறார். காப்பி குடிக்கிறார், குழந்தையோடு விளையாடுகிறார். ஆனால் மனிதர்களோடு சேர்ந்து வாழ முடியாமல் போய்விடுகிறார். எதையும் இழக்காமல் வருபவர் விருந்தாளியாகத்தான் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வந்தவர் திரும்புவதைவிடக் கடினமானது, இங்கேயே பிறந்தவர் வெளியேறுவது. சால்மர்ஸின் இரண்டாம் வகையினருக்கு வெளியே ஓர் உடல் கிடையாது. அப்படி இங்கேயே பிறந்தவர்களின் நிலையையும் சுந்தரர் கதையில் காணலாம். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குத் திரும்பியபோது அவருடைய நண்பரான சேர மன்னர் சேரமான் பெருமாள் குதிரையின் காதில் திருவைந்தெழுத்தை ஓதிப் பின்தொடர்ந்தார். சேரமானின் வீரர்கள் உடைவாளால் தம் உடலை வீழ்த்தி, வேறு உடல் பெற்று உடன் சென்றார்கள். கயிலை வாயிலில் சேரமான் தடுத்து நிறுத்தப்பட்டார். அழைக்காமல் வந்தது ஏன் என்று பின்னர் இறைவனே கேட்டார். முன்பே உள்ளே சென்ற சுந்தரர் பரிந்து பேசியதால்தான் சேரமான் உள்ளே அழைக்கப்பட்டார்.