தோலின் உட்புறம்

கனடாவின் ஒன்டாரியோவில், வேறு வேலை பார்த்துக்கொண்டே குளிர்காலத்தில் பீவர், மஸ்க்ராட் என்னும் நீர்வாழ் ரோம விலங்குகளுக்குப் பொறி வைப்பவர்கள் இன்றும் உண்டு. அதற்குப் பயிற்சி வகுப்பும் உரிமமும் கட்டாயம். பொறியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் மனம் போவது, பிறகு கொட்டகையில் நடக்கும் கைவேலையின் பக்கம்.

பீவரின் வயிற்றில் நெடுக ஒரே கீறல் போட்டுத் தோலை விரித்து உரிக்கிறார்கள். அதைச் சரிவான மரக்கட்டையில் போட்டு, இருபக்கமும் பிடி வைத்த கத்தியால் கொழுப்பை வழிக்க வேண்டும். கை அழுத்தினால் ரோமத்தின் வேர் அறுந்துவிடும். தயங்கினால், மிஞ்சிய கொழுப்பே தோலைக் கெடுத்துவிடும். இந்த நடுநிலை விரல்களுக்குப் பழகப் பல பருவங்கள் பிடிக்கும். பிறகு பலகையில் நீள்வட்டமாக இழுத்து, ஓரமெங்கும் நெருக்கமாக ஆணியடித்துக் காயவைப்பார்கள். மஸ்க்ராட் தோலைக் கீறி விரிப்பதில்லை. சட்டையைப் போலத் தலைவழியாகக் கழற்றி, உட்புறம் வெளியே தெரியக் கம்பிச் சட்டத்தில் மாட்டுகிறார்கள்.

தேர்ந்தவர்கள் ரோமத்தோடு தோலின் உட்புறத்தையும் புரட்டிப் பார்க்கிறார்கள். குளிர் முற்றியபின் கிடைத்த தோல் பாலேட்டு நிறத்தில் இருக்கும். அவசரப்பட்டுப் பிடித்ததில் நீலக் கருமை படர்ந்திருக்கும். ரோமம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது என்று பொருள். ஓர் உயிரை எடுத்துவிட்டு அந்தத் தோலைப் பாழாக்குவதை என்னால் பொறுக்க முடியாது. அதனால்தான் இந்தப் பொறுமை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1670-இல் ஹட்சன் பே கம்பெனி தொடங்கியதே பீவர் ரோமத்தை நம்பித்தான். பீவரின் அடி ரோமம் ஐரோப்பியத் தொப்பிகளுக்குப் போனது. இன்று மஸ்க்ராட் தோலுக்குச் சில டாலர்தான். ஆனாலும் ஒன்டாரியோவின் நார்த் பே நகரில் நடக்கும் ரோம ஏலத்துக்கு அனுப்புமுன், ரோமத்தில் ஒட்டிய முள்ளையெல்லாம் சீப்பால் வாரி எடுக்கிறார்கள்.