கோஷமும் மனிதரும்

மலையகத்தைப் பற்றிய கவிதையெனில் அதில் தேநீர்க் கோப்பைக்குள் இரத்தம் இருந்தே தீரவேண்டும் என்பது இன்று எழுதாத இலக்கண விதியாகிவிட்டது. தொல்காப்பியர் இதற்கு நூற்பா வகுக்கவில்லையே தவிர, மே மாதத்தையொட்டி நம் பாடசாலைகளில் நடைபெறும் போட்டிகளுக்கு வந்து குவியும் ஆக்கங்களைப் படிப்பவர்கள் அப்படியொரு நூற்பா இருப்பதாகவே நம்பிவிடுவர். இரத்தத்துக்கு அடுத்தபடியாக வருபவன் வெள்ளைத் துரை. அவன் தலையில் தொப்பி, காலில் சப்பாத்து, கையில் பிரம்பு. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாக்கப்பட்டதையும், 1992இல் அவற்றின் நிர்வாகம் உள்நாட்டுக் கம்பனிகளின் கைக்குப் போனதையும் இக்கவிஞர்கள் அறியாதவர்கள் அல்லர். பரீட்சையில் கேட்டால் ஆண்டுகளைப் பிழையறச் சொல்வார்கள். கவிதை எழுத உட்கார்ந்ததும் அந்த அறிவு எங்கோ ஒதுங்கிக்கொள்கிறது. எதிரி உடைமாற்றி அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் நம் கவிஞர் அவனுடைய பழைய தொப்பியையே குறிபார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதைக் கற்பனை வறட்சி என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. இது ஒரு சமூகப் பழக்கம். இரத்தம், வியர்வை, விடியல், எழுச்சி ஆகிய நான்கு சொற்களையும் உரிய இடத்தில் வைத்தவர் 'சமூக உணர்வுள்ளவர்' என்று மேடையில் பாராட்டப் பெறுகிறார். அவற்றை விட்டுவிட்டு, தன் லயத்தில் தான் கண்ட ஒன்றைத் தன் சொல்லில் எழுதியவரிடமோ, "இதில் போராட்டம் எங்கே?" என்று கேட்கிறோம். கேட்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஆசிரியர்களே. இடதுசாரிச் சிந்தனையில் ஓரளவு பழக்கமுடையவர்களே. ஆகவே இதைப் பற்றி வெளியார் எவரோ பேசுவதினும் நாமே பேசுவது பொருத்தம்.

தனிமனிதவாதத்தின்மீது முற்போக்காளருக்குள்ள ஐயம் நியாயமானது. ஊர் எரியும்போது தன் மனத்தின் நிழலாட்டங்களை வருணித்துக்கொண்டிருக்கும் எழுத்தை நாமும் விரும்புவதில்லை. ஆனால் தனிமனிதவாதம் வேறு, தனித்துவம் வேறு. முன்னையது பிறரை மறந்து தன்னை நினைப்பது. பின்னையது, பலரோடு சேர்ந்து நிற்கும்போதும் தன் கண்ணையும் தன் நாவையும் பிறரிடம் ஒப்படைத்துவிடாதிருப்பது. மார்க்சும் எங்கெல்சும் 1848இல் வெளியிட்ட அறிக்கைகூடத் தனிமனித வளர்ச்சியைப் பகையாகக் கொள்ளவில்லை. ஒரு சிலருக்கே வாய்த்த அவ்வளர்ச்சி எல்லார்க்கும் வாய்க்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். இந்த வேறுபாடு மங்கிப்போன இடத்திலேதான் கோஷம் இலக்கியத்தின் வேடத்தைப் பூண்டுகொள்கிறது.

மலையகத்தில் இவ்வேறுபாடு வயிற்றோடும் தொடர்புடையது. தோட்டத்தில் ஒருநாள் வேலையைப் 'பேர்' என்றே சொல்வார்கள். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். அதாவது, பதினெட்டுக் கிலோ வேண்டிய இடத்தில் பதினைந்து கிலோ எடுத்த பெண்ணுக்கு அன்று பாதிச் சம்பளம். இச்சொல்லைப் படைத்தவர் மொழியியல் அறிஞர் எவரும் அல்லர். செக்ரோலில் மனிதர் ஒவ்வொருவரும் ஓர் எண்ணாகப் பதியப்பட்ட முறையிலிருந்து மக்கள் வாயில் பிறந்த சொல் இது. நிர்வாகத்தின் ஏடு மனிதரை எண்ணாக்குகிறது என்று நாம் குற்றஞ்சாட்டுகிறோம். சரி. நம்முடைய கவிதையில் அவர்கள் என்னவாக இருக்கிறார்கள்? 'தொழிலாளி' என்ற ஒரே சொல். அவளுக்கு வயது இல்லை. பிடிவாதம் இல்லை. பக்கத்து நிரைக்காரியோடு பேச்சுவார்த்தை இல்லாமற் போனதற்குக் காரணம் இல்லை. இங்கே அரைப்பேர்கூட அவளுக்குக் கிடைக்கவில்லையே!

நம் முன்னோடிகள் இவ்வாறு எழுதவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிவுசெய்த மக்களை நாடற்றவராக்கியது. கோஷம் எழுப்புவதற்கு அவரைவிட உரிமை வேறு எவருக்கு இருந்திருக்க முடியும்? அவரோ 1970இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, 'உழைக்கப் பிறந்தவர்கள்' எனப் பொருள்படும் நூலில், தோட்டத்து மாந்தரைத் தனித்தனிச் சித்திரங்களாகவே வரைந்தார். 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுப்புக்காக வாய்மொழிப் பாடல்களைத் தேடித் திரட்டினார். அப்பாடல்களைப் புரட்டிப் பார்ப்பவர் ஓர் உண்மையைக் காணலாம். அவை யாவும் கூட்டத்துக்குச் சொந்தமானவை. பாடுவதோ யாரோ ஒருத்தியின் வாய். ஏசப்படுவதும் குறித்த ஓர் ஆள். எழுத்தறியாத பெண்கள் செய்த அதைப் பட்டம் பெற்ற நாம் செய்யத் தவறுவது ஏன் என்பது ஆராயத்தக்கது.

மீனாட்சியம்மாளையும் இங்கே நினைக்கவேண்டும். கோ. நடேசய்யரின் துணைவியாராகிய அவர் 1930களில் தோட்டத் தொழிலாளர் கூட்ட மேடைகளில் தாமே பாடினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பாடல் நூல் 1940இல் வந்தது. மக்களுக்குப் பழகிய மெட்டுகளிலேயே பாடினார் என்பது உண்மை. பழகிய கருத்தைப் பாடினார் என்பது அன்று. பெண்ணொருத்தி மேடையேறுவதே புதுமையாயிருந்த காலத்தில், அன்றைய அரசியல்வாதிகளின் வாதங்களுக்குப் பாட்டிலேயே மறுமொழி கூறியவர் அவர். அவரது மெட்டை எடுத்துக்கொள்வது எளிது. அந்தத் துணிவு மெட்டோடு சேர்ந்து வருவதில்லை.

சிறுகதைக்கு வருவோம். என். எஸ். எம். இராமையாவின் பெயர்பெற்ற கதைக்கு 'ஒரு கூடைக் கொழுந்து' என்று தலைப்பு. அந்த 'ஒரு' என்னும் சொல்லை நம் மாணவர்கள் கவனிக்கவேண்டும். ஆயினும் நாம் இங்கே சற்று விரிவாகப் பேச விரும்புவது 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' என்னும் கதையைப் பற்றியாகும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்துறங்குகிறது. இருட்டில் மனைவியென எண்ணிக் கையை நீட்டிய தகப்பன், அது வளர்ந்த மகள் என்று உணர்ந்து துடித்துப்போகிறான். கதையின் உயிர் இந்தக் கணத்தில் இருக்கிறது. லய வாழ்வின் இழிநிலையைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் வெளிவந்துள்ளன. பரப்பளவும் நபர் எண்ணிக்கையும் அவற்றில் உண்டு. ஆனால் நான்கு சுவர்களின் நெருக்கம் ஒரு மனிதனுடைய மானத்தை எங்கே சென்று தொடுகிறது என்பதை இக்கதை சொன்னதுபோல் எந்த அறிக்கையும் சொன்னதில்லை. இதில் எழுச்சிப் பாடல் இல்லை. கொடியில்லை. தகப்பன் தியாகியும் அல்லன். "நம் மக்களை இப்படிக் காட்டலாமா, இது சமூகத்துக்கு இழுக்கல்லவா?" என்று கேட்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் விரும்புவது துன்பப்படுகையிலும் தலைசீவிப் பொட்டிட்டு நிற்கும் பாட்டாளியை. ஜோசப் அந்த விருப்பத்துக்கு இணங்கவில்லை. ஒருவனுடைய வெட்கத்தை அவனுடைய வெட்கமாகவே எழுதினார். அதனாலேயே அக்கதை வீட்டுரிமைக்கான வாதமாக இன்றும் நிற்கிறது. கோஷமாக எழுதப்பட்டிருந்தால் அந்த ஆண்டு மே மாதத்தோடு முடிந்திருக்கும்.

கூட்டத்தின் மனம் நோகக்கூடாது என்பதற்காக நாம் எழுதாமல் விடும் செய்திகள் வேறு பல உள. மலையில் கொழுந்தெடுப்பவள் பெண்; அவளுடைய சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்கிவந்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது. லயத்துக்குள்ளேயே சாதி இருந்தது; கலியாணப் பேச்சு வரும்போது அது இன்னும் எட்டிப் பார்க்கிறது. சந்தாப் பணம் சம்பளத்திலேயே கழிக்கப்படுவதால், தொழிலாளி எந்தச் சங்கத்தில் இருக்கிறாள் என்பதை அவளுடைய வீட்டு ஆண்களே தீர்மானித்துவிடுவதும் உண்டு. கம்பனியை ஏசும் கவிதைக்குக் கைதட்டும் சபையில் இவற்றில் ஒன்றைச் சொல்லிப் பார்க்கட்டும். கைதட்டல் எந்த இடத்தில் நின்றுபோகிறதோ, எழுத்தாளனின் வேலை அந்த இடத்தில் தொடங்குகிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

மலைக்கு வெளியே ஓர் உதாரணம். மு. தளையசிங்கம் அறுபதுகளில் முற்போக்கு இலக்கியப் போக்கைக் கடுமையாக விமர்சித்தவர். பதிலுக்கு முற்போக்கு அணியினரும் அவரை விட்டுவைக்கவில்லை. அவருடைய ஆன்மிகத் தத்துவத்தை நாமும் ஏற்பதற்கில்லை. ஆனால் 1971இல் புங்குடுதீவில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் குடிநீர் அள்ளும் உரிமை வேண்டிச் சத்தியாக்கிரகத்தில் இறங்கிப் பொலிசாரின் தாக்குதலுக்கு ஆளானவர் இந்தக் 'கருத்துமுதல்வாதி'யே. 1973இல், நாற்பது வயது நிரம்புமுன் அவர் மறைந்தார். இதனால் அவருடைய தத்துவம் சரியென்று ஆகிவிடாது. 1966 ஒக்டோபரில் சாதியொடுக்குமுறைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் சென்று அடிபட்ட தோழர்களின் தத்துவம் வேறு. துணிவில் அவர்கள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். நாம் சொல்ல வந்தது இவ்வளவே: சரியான சொற்களை உச்சரிப்பதை வைத்து ஒருவரை எடைபோடும் தராசு பழுதுபட்ட தராசு. அதில் நிறுத்தால் தளையசிங்கம் குறைவார். வீட்டில் கிணற்றுக்கட்டைத் தொடவிடாத 'முற்போக்கு' அன்பர் கூடுவார்.

எழுத்தில் காணும் இந்நோய் இயக்கத்திலும் உண்டு. 2018 ஒக்டோபரில் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்பு உடையணிந்து கொழும்புக் காலிமுகத்திடலில் திரண்டார்கள். அதைப் போலியென்று நாம் சொல்ல மாட்டோம். கொழும்பின் கடைகளிலும் உணவகங்களிலும் வேலைசெய்து, அன்றைய கூலியை இழந்து வந்தவர்கள் அவர்களுள் பலர். தலைவர் அழைத்ததனால் வந்தவர்கள் அல்லர். மலையிலிருக்கும் தாயின் சம்பளத்துக்காக வந்தவர்கள். அந்தத் திரள்வு உண்மையானது. அதற்குப் பிறகு நிகழ்ந்ததே நம் கவலை. கறுப்புச் சட்டை ஒரு படமாயிற்று. படம் ஓர் அடையாளமாயிற்று. அடையாளத்தை அணிந்தவர்கள் அத்தோடு கடமை முடிந்ததாகக் கருதினார்கள். 2019 ஜனவரிக் கூட்டு ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளமாக எழுநூறு ரூபாவையே தந்தபோது திடலில் நின்ற கூட்டத்தில் எத்தனை பேர் அந்த ஒப்பந்தத்தின் வாசகத்தைத் தேடிப் படித்தார்கள்? 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக ஆயிரம் வந்தது. வெற்றி என்று வெடி கொளுத்தினோம். பல தோட்டங்களில் அதன் பின் நடந்தது என்ன? எடுக்கவேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டது, வேலைநாட்கள் குறைக்கப்பட்டன, அரைப்பேர் பெருகியது. கேட்ட தொகை கைக்கு வந்தது. கணக்கு மறுபுறத்தால் வெளியே போயிற்று. 2024இல் ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபா அறிவிக்கப்பட்ட போதும் பேச்சு முழுவதும் தொகையைப் பற்றியதாகவே இருந்தது.

ஆயிரம் என்பது எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்லத் தக்க எண். 'பதினெட்டா, இருபதா?' என்பது அப்படியன்று. அதைக் கேட்க ஒருத்தி கொழுந்து மடுவத்தில் தராசின் முன்னால் தனியாக நிற்கவேண்டும். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் எத்தனை கிலோ கழிக்கிறீர்கள் என்று கேட்கவேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் "நேரமாகிறது, பேசாமல் வா" என்று இழுக்கும்போதும் கேட்கவேண்டும். அவளுக்குப் பக்கத்தில் நிற்க ஒரு சட்டத்தையோ ஒரு கணக்கையோ தெரிந்த இளைஞன் வேண்டும். இந்தத் துணைக்கு வருவோர் தொகை, கறுப்புச் சட்டை தொகையோடு ஒப்பிடத் தக்கதாயில்லை. ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்பது நம் கட்சியன்று. ஆர்ப்பாட்டம் முடிந்து பஸ் ஏறிய பின்னும் தீராத வேலையை எழுத்தும் இயக்கமும் சேர்ந்து மறைத்துவிடுகின்றன என்பதே குற்றச்சாட்டு.

நம் மஸ்கெலியாவிலிருந்தே ஒன்றைச் சொல்லி நிறுத்தலாம். மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. வறட்சிக் காலத்தில் நீர் இறங்கும்போது பழைய வணக்கத் தலங்களின் எச்சங்கள் வெளியே தெரிகின்றன. உடனே படம் பிடிக்கக் கூட்டம் கூடும். 'மூழ்கிய சரித்திரம்' என்று கவிதைகள் பிறக்கும். எல்லாம் ஒரே கவிதை. அந்த நகரில் எந்தக் கடையில் தோட்டத்தார் கடன் கணக்கு வைத்திருந்தார்கள், நகரம் மூழ்கியபோது அந்தக் கணக்கு என்னவாயிற்று, யாருக்கு மாற்று நிலம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டு எழுதியவர்கள் அரியர். விடை சொல்லத்தக்க முதியோர் சிலர் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மாணவரை அவர்களிடம் அனுப்பவேண்டியவர்கள் நாம்.

இவ்வாண்டு போட்டிக்கு ஒரு மாணவி இரத்தத்தையும் விடியலையும் விட்டுவிட்டு, தன் தாயின் கூடையிலிருந்து தராசில் எத்தனை கிலோ கழிக்கப்பட்டது என்பதை மட்டும் எழுதிவந்தால், அதற்கு எத்தனை புள்ளி இடுவது என்பதை நடுவராக அமரும் ஆசிரியத் தோழர்கள் இப்போதே கூடிப் பேசிவைத்துக்கொள்வது நல்லது.