இசை கேட்ட ஓவியர்கள்

பாட்டின் கதையை வரைவது ஒன்று. பாட்டையே வரைவது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் எழுந்த குறியீட்டிய ஓவியர்கள் முன்னதில் தொடங்கிப் பின்னதை எட்டினார்கள். அந்த இயக்கத்தின் அறிக்கையைக் கவிஞர் ழான் மொரேயாஸ் 1886இல் வெளியிட்டார். எந்தப் பொருளையும் காட்டாமலே மனத்தை அசைக்கும் கலை என்பதால், ஓவியர்களுக்கும் கவிஞர்களுக்கும் இசையே முன்மாதிரியானது. தத்துவஞானி ஷோப்பன்ஹவரும் கலைகளில் இசைக்கே தலையிடம் தந்திருந்தார்.

இசையை ஓவியமாக்கும் முதல் வழி, ஜெர்மானிய இசைநாடக ஆசிரியர் வாக்னரின் பிரெஞ்சுப் பற்றாளர்களுடையது. 1876இல் பைராய்ட்டில் நடந்த முதல் வாக்னர் விழாவுக்குச் சென்ற ஓவியர் ஃபான்டான்-லத்தூர், அவருடைய இசைநாடகத்தில் வரும் ரைன் நதிக் கன்னியரைக் கல்லச்சு ஓவியமாக்கினார். 1885இல் தொடங்கிய 'ரெவ்யூ வாக்னெரியன்' இதழில் அவருடைய படமும் ஒதிலோன் ரெதோனின் படமும் வந்தன. மென்மையும் மூட்டமும் இவற்றின் அழகு. ஆனால் இசைநாடகத்தின் கதை தெரியாதவருக்குப் பாதிப் படம் பிடிபடாது.

இரண்டாவது வழியைப் பெல்ஜியத்தின் ஃபெர்னான் க்னோப்ஃப் காட்டினார். அவருடைய 'ஷூமானைக் கேட்கையில்' (1883) ஓவியத்தில் ஒரு பெண் கையால் முகத்தை மறைத்து அமர்ந்திருக்கிறார். பியானோ வாசிப்பவரோ படத்தின் விளிம்பில் அரைகுறையாகவே தெரிகிறார். இங்கே தீட்டப்பட்டது கேட்பவரின் தனிமை. கதை விலகி, மனநிலை உள்ளே வந்துவிட்டது.

வியன்னாவின் கிளிம்ட் 1902இல் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியைச் சுவரில் விரித்தார். சுமார் 34 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுவரோவியத்தை நடந்தபடிதான் பார்க்க முடியும். ஏக்கமாய் மிதக்கும் பெண்ணுருவங்கள், பொற்கவசம் பூண்ட வீரன், அரக்கன், நடுவே வெறும் சுவர், முடிவில் பாடும் தேவதையர் குழுவும் தழுவும் இணையும். இசைக்கு உயிரான காலத்தை, பார்ப்பவரின் நடையாகவே மாற்றியது இந்த மூன்றாவது வழி.

இந்த மரபின் சிகரம் லிதுவேனியாவின் ச்யுர்லியோனிஸ் (1875–1911). வார்சாவிலும் லைப்சிக்கிலும் இசை பயின்ற அவர், சிம்பொனிக் கவிதை ஒன்றை இயற்றிய பிறகே ஓவியக் கல்விக்கு வந்தார். 1908இல் தீட்டிய 'கடல் சொனாட்டா' மூன்று படங்கள்: அலெக்ரோ (விரைவு), அந்தாந்தே (நிதானம்), ஃபினாலே (முடிவு). முதலாவதில் அலைகள் துள்ளுகின்றன. இரண்டாவது ஆழத்தில் அமைதி கொள்கிறது. மூன்றாவதில் பேரலை ஒன்று சின்னஞ்சிறு படகுகளின் மேல் கவிகிறது. அதே ஆண்டின் 'ஃபியூக்' படத்தில் ஊசியிலை மரங்களின் வடிவம் பெரிதாகவும் சிறிதாகவும், நிமிர்ந்தும் பிரதிபலிப்பாய்த் தலைகீழாகவும் அடுக்கடுக்காக வருகிறது. ஒரே கருப்பொருளைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுப் பாடும் ஃபியூக்கின் இலக்கணம் அப்படியே கண்முன் நிற்கிறது. பாத்திரம் இல்லை, கதை இல்லை, கட்டமைப்பே இசை.

இத்தகைய ஓவியத்தை எதைக்கொண்டு மதிப்பிடுவது? மங்கலாகத் தீட்டியதெல்லாம் கனவாகிவிடாது. வீணையை வரைந்ததால் நாதம் வந்துவிடாது. சின்னங்களுக்கு அகராதிப் பொருள் தேடுவதைச் சற்றே ஒதுக்கி வைக்க வேண்டும். எந்த வடிவம் திரும்ப வருகிறது, வரும்போது எப்படி மாறுகிறது, எங்கே இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது, கண் எங்கே விரைந்து எங்கே நிற்கிறது என்பவையே முதற்கேள்விகள். படத்தின் தலைப்பை மறைத்த பிறகும் அந்த ஓட்டம் புலப்பட்டால் இசை ஓவியத்துக்குள் இருக்கிறது. மறைந்துபோனால் அது தலைப்பில் மட்டும் இருந்தது. மற்றவர்களைவிட ச்யுர்லியோனிஸை உயர்த்தி வைக்க என்னைத் தூண்டுவது இந்த அளவுகோல்தான்.

ஆகவே, இசை கேட்டுப் பழகியவர்கள் இந்த ஓவியங்களின் முன் தயங்க வேண்டியதில்லை. திரும்பி வருவதையும் மாறி வருவதையும் இனங்காணும் காது அவர்களிடம் உண்டு. அந்தப் பயிற்சியைக் கண்ணுக்கும் கொடுத்தால் போதும். லிதுவேனியாவின் கௌனஸ் நகரில் ச்யுர்லியோனிஸின் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தில் அவருடைய படைப்புகள் இருக்கின்றன. அச்சுப் பிரதியிலாவது மூன்று கடல்களையும் வரிசையாக வைத்து, அவசரப்படாமல் பாருங்கள்.