மலைச்சரிவு மேடையும் எங்கட கொப்பிகளும்

கண்டியின் நாடக வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பேராதனையில்தான் தொடங்குகிறார்கள். அதில் பிழையில்லை. பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கை மாணவர்கள் ‘வல’ என்பார்கள். சிங்களத்தில் பள்ளம் என்று பொருள். சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’ 1961-இல் அங்குதான் மேடையேறியது. இன்று அந்த அரங்குக்கு அவர் பெயர்.

அதற்கு முன்பே, 1956-இல், ‘மனமே’ பேராதனை மாணவர்களைக் கொழும்பு மேடைக்குக் கொண்டுபோயிருந்தது. அதன் வடிவம் சிங்கள நாடகம. அந்த நாடகமவோ தமிழ்க் கூத்தின் வழி வந்தது. அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். விடியவிடிய ஆடிய கூத்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கியது. வட்டக்களரியை விட்டுப் படச்சட்ட மேடைக்கு வந்தது. இராவணேசனாக ஆடிய சி. மௌனகுரு அப்போது அங்கு மாணவர்.

இந்த இரண்டு கதையிலும் நாம் எங்கே? “எங்கட ஆக்களுக்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நமது விமர்சனமும் ஏறக்குறைய அதையே செய்திருக்கிறது. கண்டியில் பிறந்த சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’ 1885-இல் அச்சேறியதால் அதற்கு நம் இலக்கிய வரலாற்றில் இடமுண்டு. அச்சேறாத மேடைக்கு இடமில்லை.

ஆனால் நமது பழைய இலக்கியமே குரலுக்காக எழுதப்பட்டதுதானே! கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் என்று பேராசிரியர் ம.மு. உவைஸ் வகைபிரித்துக் காட்டியவற்றில் மசலா கேள்வியும் பதிலுமாக நடப்பது. ‘ஆயிரம் மசலா’வின் காலம் 1572. இருவர் எதிரெதிரே நின்று வாதிப்பது நாடகத்தின் வித்து இல்லையா? றபான் இசையும் களிகம்பும் பொல்லடியும் உடலாலும் தாளத்தாலும் நிகழ்பவை. இவற்றை ‘நாட்டார் வழக்கு’ என்று ஓரத்தில் வைத்துவிட்டு, நமக்கு அரங்க மரபு இல்லை என்று சொல்வது நியாயமாகாது.

மேடையில் எது ஆகும், எது ஆகாது என்பது மார்க்கக் கேள்வி. அதை உலமாக்களோடு இருந்து பேசலாம். ஆனால் நடந்ததைப் பதியாமல் விடுவதற்கு அது காரணமாகாது.

நமது புள்ளைகளின் நாடகம் பாடசாலை மண்டபத்திலும் மீலாத் விழா மேடையிலும் தமிழ்மொழித் தினப் போட்டியிலும்தான் நடந்திருக்கிறது. பிரதி ஒரு கொப்பியில் இருக்கும். போட்டி முடிந்தால் கொப்பியும் போகும். எழுதிய ஆசிரியர் ஓய்வு பெற்றால் நினைவும் போகும். பேராதனையின் கதை நிலைத்ததற்கு நாடகங்களின் தரம் ஒரு காரணம். அவற்றைப் பற்றி எழுத ஆட்கள் இருந்தது இன்னொரு காரணம்.

அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கம்பளைப் பாடசாலைகளில் எந்த வருடம் என்ன நாடகம் போட்டார்கள், யார் பழக்கினார்கள், பெண் வேடம் யார் கட்டினார்கள், என்ன பாட்டுப் பாடினார்கள்? இதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அடுத்த ஆய்வாளர் ‘தகவல் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகுமுன் அவர்களிடம் போய்க் கேட்பதுதான் இப்போது நமது விமர்சகர்களின் வேலை.