சிங்கப்பூரில் வரலாற்று உரை கேட்கப் போகிறீர்களா?

சிங்கப்பூர் விக்டோரியா தெருவில் இருக்கும் தேசிய நூலகத்தில் வரலாற்று உரைகள் அடிக்கடி நடக்கும். பலவற்றுக்குக் கட்டணம் கிடையாது. முன்பதிவு செய்தால் போதும். 1819இல் ஆங்கிலேயரான ராஃபிள்ஸ் வந்து இறங்கினார், துறைமுகம் செழித்தது என்கிற பாடப்புத்தகக் கதையை மறுபடி கேட்பதற்காக யாரும் மெனக்கெட வேண்டாம். பேச்சாளர் எந்த ஆவணத்தை வைத்துப் பேசுகிறார், அதை எழுதியவர் யார் என்று கவனித்தபடியே கேளுங்கள். உரையின் சுவை அதில்தான் இருக்கிறது.

திரையில் பெரும்பாலும் 1822ஆம் ஆண்டின் 'ஜாக்சன் திட்டம்' என்ற நகரமைப்பு வரைபடம் வரும். ஐரோப்பியருக்கு ஒரு பகுதி, சீனருக்கு ஒன்று, தென்னிந்தியரான சூலியாக்களுக்கு ஒன்று, புகிஸ் மக்களுக்கும் அரபுகளுக்கும் ஒவ்வொன்று என ஊரையே இனவாரியாகக் கூறுபோட்ட படம் அது. ஊர் அன்று அப்படி இருக்கவில்லை, அப்படி இருக்க வேண்டும் என்று ஆட்சியாளர்கள் விரும்பினார்கள். நல்ல பேச்சாளர் இதைச் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போகமாட்டார். அவர் போய்விட்டால் கேள்வி நேரத்துக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழர்கள் தவறவிடக் கூடாதது கைதிகளைப் பற்றிய உரை. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் இங்கே சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். அதன் சுவர்ப்பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணம்' என்று பெயர். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பூசி, காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் பளபளக்கும்வரை தேய்ப்பார்கள். நம் ஊர்க் கொத்தனார்களின் கைப்பக்குவம் அது. ஆனால் இந்தச் செய்முறை நமக்குக் கிடைப்பது கைதிகளை மேற்பார்த்த மெக்நாயர் என்ற அதிகாரியின் 1899ஆம் ஆண்டுப் புத்தகத்தில். கைதிகளையே வார்டர்களாக்கிய சிறைமுறையைப் பெருமையோடு விவரிக்கிறவர் அவர். கைதிகள் தம் வாயால் சொல்லிப் பதிவானது மிகச் சொற்பம். மெக்நாயரின் பெருமையைப் பேச்சாளர் அப்படியே ஒப்பிக்கிறாரா, சந்தேகப்படுகிறாரா? எனக்கு இது ஒன்றே உரைகல். நெற்றியில் குற்றத்தைப் பச்சைகுத்தி அனுப்பப்பட்டவர்களும் அந்தக் கைதிகளில் உண்டு. அதைச் சொல்லாமல் தேவாலயத்தின் அழகை மட்டும் பேசும் உரை எனக்கு ஒட்டுவதில்லை.

கைதட்டியதும் எழுந்துவிடாதீர்கள். ஜப்பானியர் ஆண்ட 1942–45 காலத்தைப் பற்றிய உரையென்றால், கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கும் முதியவர்கள் கேள்வி கேட்பதில்லை. ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத சித்தப்பாவைப் பற்றிச் சொல்வார்கள். பொறுமையாகக் கேளுங்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் சாவு குடும்பங்களுக்குள்ளேயே நெடுநாள் கிடந்தது. இப்படிப்பட்ட நினைவுகளையும் பதிவுசெய்யும், 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று மையம் ஒன்றும் இங்கே இருக்கிறது. அதன் ஒலிப்பதிவுகள் பலவற்றை இணையத்தில் கேட்கலாம்.

வீடு திரும்பியதும் ஒரு வேலை பாக்கி. நூலகத்தின் இணையத் தொகுப்பில் பழைய செய்தித்தாள்களை இலவசமாகப் படிக்கலாம். 1930களுக்குப் பிந்தைய நிகழ்ச்சி என்றால், ஆங்கில நாளிதழான 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' அதை எப்படி எழுதியது, 'தமிழ் முரசு' எப்படி எழுதியது என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைப்பு எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம், யாருடைய பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று தேடத் தொடங்கினால் இரவு போவதே தெரியாது.