கல்லோயா பற்றிய நூல்களும் கடைமடை மாந்தரும்

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து மேற்கே செல்வோர், சொறிக்கல்முனை, அன்னமலை, நாவிதன்வெளி எனும் ஊர்களையும், அவற்றை அடுத்து 4ஆம் கொலனி, 7ஆம் கொலனி, 12ஆம் கொலனி என எண்ணையே பெயராகக் கொண்ட ஊர்களையும் காண்பர். முன்னவை முனை, மலை, வெளி என்று நிலத்தின் இயல்பு நோக்கி மக்கள் இட்ட பெயர்கள். பின்னவை அளவையாளரின் படத்திலிருந்து இறங்கி வந்த எண்கள். சில கட்டை தூரத்துள் அமைந்த இவ்விரு பெயர்வழக்குகளுக்கும் இடைப்பட்ட வரலாறே கல்லோயாக் குடியேற்றத்தின் வரலாறாகும். அது குறித்து அறிஞர் எழுதிய நூல்கள் பல. அவற்றுள் முன்பே அங்கு வாழ்ந்தோரின் உள்ளம் எந்த அளவிற்கு இடம்பெற்றுள்ளது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கல்லோயா அபிவிருத்திச் சபை 1949ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அமெரிக்க நிறுவனமொன்றின் கைவண்ணத்தில் இங்கினியாகலை அணை 1951இல் முடிவுற, ஏறத்தாழ 7,70,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும் சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. கீழ்கரையார் பட்டிப்பளை ஆறு என வழங்கிய ஆறு அரசின் ஏடுகளில் கல்லோயா எனும் பெயரோடே நிலைபெற்றது. வாய்க்கால்களின் தலைப்பிலும் நடுப்பகுதியிலும் பெரும்பாலும் ஈரவலயத்துச் சிங்களக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. இடதுகரை வாய்க்காலின் கடைப்பகுதிக் கொலனிகள் மாவட்டத்துத் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் கிடைத்தன. எனவே இங்கு குடியேறியோர் யாவரும் அயலார் என்பது பிழை. கரையோர ஊர்களின் மக்களும் தம் மாவட்டத்துள்ளேயே குடியேறிகளாயினர். இவ்வுண்மையை அரசியல் மேடைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன; நூல்களோ கூறிவிட்டு விரைந்து கடந்து செல்கின்றன.

இத்துறையில் முதலில் வைத்து எண்ணத்தக்கது, கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி. எச். பார்மர் 1957இல் வெளியிட்ட இலங்கைக் குடியானவர் குடியேற்றம் பற்றிய பெருநூல். மண், மழை, நீர், கடன், குடியேறியோரைத் தெரிவுசெய்யும் முறை ஆகியவற்றை அவர் ஆய்ந்த நுட்பத்தை மறுப்பதற்கில்லை. பின்வந்த ஆய்வாளர் அனைவரும் அவர் தோளின்மேல் நின்றே பார்த்தனர். எனினும் அந்நூலின் மையவினா ஈரவலயத்தின் நிலநெருக்கத்தை வறள்வலயம் எங்ஙனம் தாங்கும் என்பதேயாகும். வினா அவ்வாறு அமைந்தபின், வறள்வலயம் என்பது தாங்குவதற்குக் காத்திருக்கும் வெற்றிடமாகத் தோன்றுதல் இயல்பே. அவ்வெற்றிடத்தின் கிழக்கு விளிம்பில் ஆற்றுநீரைப் பகிர்ந்து நெல் விளைத்துவந்த சம்மாந்துறை, நிந்தவூர், காரைதீவு, சொறிக்கல்முனை மாந்தர், அவ்வினாவிற்குள் அடங்கினாரல்லர்.

அவர்கள் இழந்தது யாது? நிலம் என்று ஒரு சொல்லில் விடை கூறுவது எளிது. ஆயின் நெல்வயல் மாந்தரின் மனக்குறையை நீரின் வழியே நோக்கினால் வேறொன்று புலப்படும். அணைக்கு முன்னரும் இப்பகுதி நீர்ப்பாசனம் அறியாத காடன்று. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1850களின் பிற்பகுதியில், இறக்காமக் குளம் திருத்தப்பெற்றது. எந்த வட்டைக்கு எப்போது நீர் விடுவது என்பதை விளைவிற் பங்கு பெற்ற வட்டைவிதானை கவனித்தார். அவர் போடியார்களின் பக்கம் சாய்ந்தவர் எனும் குற்றச்சாட்டு நியாயமானதே. முல்லைக்காரன் அவரைப் புகழ்ந்து பாடியிருக்கமாட்டான். எனினும் அவர் வீடு ஊரில் இருந்தது. வாசலில் நின்று வைதற்கேனும் ஒருவர் இருந்தார். அணைக்குப் பின்னர் நீர்திறக்கும் நாள் ஊருக்கு வெளியே குறிக்கப்பட்டது. ஆற்றின் வாயில் இருந்தோர் வாய்க்காலின் வாலுக்கு மாறினர். இம்மாற்றம் முழுவதையும் குடியேறியோர் தலையில் ஏற்றுதலும் முறையன்று. வட்டைவிதானைப் பதவியை ஒழித்தது 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம். ஆயினும் இரண்டும் ஒரே பத்தாண்டில் நிகழ்ந்தமையால், மக்கள் மனத்தில் இரண்டும் ஒன்றாகவே பதிந்திருத்தல் வியப்பன்று.

நீருக்கு அடுத்தது எண்ணிக்கை. பிரிக்கப்படாத மட்டக்களப்பு மாவட்டத்தில் 1946ஆம் ஆண்டுக் கணக்கின்படி சிங்களவர் நூற்றுக்கு 6 பேர் அளவினர். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. அப்புதிய மாவட்டத்தில் 1963ஆம் ஆண்டுக் கணக்கு அவர்களை நூற்றுக்கு 29 எனக் காட்டிற்று. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து முழங்குவோர், எல்லையே மாறிவிட்டது என்பதையும், மேற்கே பழைய சிங்களக் கிராமங்கள் என்றும் இருந்தன என்பதையும் சொல்வதில்லை. அவ்விரண்டையும் கழித்த பின்னரும் எஞ்சுவது பெரிதே. 2012இல் முஸ்லிம்கள் 43, சிங்களவர் 39, தமிழர் 17 எனும் அளவில் மாவட்டம் அமைந்தது. தம் ஊரை விட்டு ஓரடியும் நகராதவர், தாம் வாழும் மாவட்டம் தம்மைச் சுற்றி நகர்ந்துவிட்டதைக் கண்டனர். 1956 ஜூனில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழருக்கு எதிராக மூண்ட கொலைவெறி அவ்வுணர்வோடு அச்சத்தையும் சேர்த்தது. 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் உடன்படிக்கையிலும், 1965ஆம் ஆண்டின் டட்லி–செல்வநாயகம் உடன்படிக்கையிலும் காணி பெறுவோரைத் தெரிவதே ஒரு முதன்மை வாசகமாயிற்று. பின்னதில் மாவட்டத்துக் காணியற்றோருக்கே முதலிடம் எனக் குறிக்கப்பட்டது. குடியேற்றமே கூடாது என்று அது கூறவில்லை, வரிசையையே கேட்டது. கீழ்கரை உள்ளத்தின் நேர்மையான வடிவத்தைத் தேடுவோர் மேடைப்பேச்சுகளைவிட இவ்வாசகத்தில் அதனைக் காணலாம்.

தமிழ்ப் பக்கத்தில் எழுந்த நூல்கள் இவ்வுள்ளத்தைப் பேசினவா? எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், வி. சீ. கந்தையா 1964இல் இயற்றிய மட்டக்களப்புத் தமிழகமும் போற்றற்குரிய பணிகள். கூத்தும் குரவையும் கண்ணகி வழிபாடும் அழியாது ஏட்டில் நின்றமைக்கு இவர்களைப் போன்றோரே காரணர். ஆனால் மாவட்டம் கண்முன்னே மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தமிழ்ப் புலமை பழமையின் பக்கமே முகந்திருப்பி நின்றது என்பதும் உண்மை. தம் மரபு கரைவதாக அஞ்சும் சமூகம் முதலில் மரபைத் தொகுக்க முற்படும்; அவ்வகையில் அந்நூல்களே அவ்வுள்ளத்தின் சான்றுகள் எனலாம். மற்றுமொன்று: மான்மியத்தைப் பக்கம் பக்கமாகப் படிப்போர் காண்பது வந்து குடியேறியோரின் வரிசையையே. இன்று பழங்குடி எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் யாவரும் ஒருகால் வந்தோரே என்பதற்கு அந்நூலினும் வலிய சாட்சி வேறில்லை. அரசாணையால் ஒரே தலைமுறையில் வந்த வரவையும் பல நூற்றாண்டாக ஊறிய வரவையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பது வேறு செய்தி.

நோர்மன் அப்கோவ் 1992இல் வெளியிட்ட கல்லோயா நூல் முற்றிலும் வேறொரு காட்சியைத் தருகின்றது. 1981ஆம் ஆண்டில் நீர்த்தேக்கம் வற்றிக் கிடந்த வேளையில், கோர்னல் பல்கலைக்கழகமும் கொழும்பு கமநல ஆய்வு நிறுவனமும் ஒருங்கமைத்த உழவர் குழுக்கள் இடதுகரையில் இயங்கத் தொடங்கின. தலைமடைச் சிங்கள உழவர் நீரைச் சிக்கனஞ்செய்து கடைமடைத் தமிழருக்கு விட்ட நிகழ்ச்சிகளை அப்கோவ் பதிவுசெய்துள்ளார். இனப்பகையே இயற்கை எனக் கூறித்திரிவோர் அப்பகுதிகளைப் படித்தல் வேண்டும். ஆயின் அந்நூலின் களிப்பு அமைப்பாளரின் களிப்பு. கொடுத்தவனின் பெருமை அதில் நன்கு ஒலிக்கின்றது. முன்பு தன் உரிமையாயிருந்த நீரை இப்போது அயலவன் அருளாகப் பெற்றவன், நன்றியோடு வேறு யாதேனும் உணர்ந்தானா எனும் வினா எழுப்பப்படவில்லை. நன்றியும் நாணமும் ஒரே நெஞ்சில் இருத்தல் கூடும். கடன்பட்ட எந்த உழவனும் அதை அறிவான்.

குடியேறியோரின் துயரும் இந்நூல்களின் வழியே தமிழ் வாசகருக்கு எட்டுதல் நன்று. உறவும் கோயிலும் மலைக்காற்றும் விட்டு, எண்ணிட்ட ஊரில் இறக்கிவிடப்பட்ட குடும்பம் எவருடைய பகைவனாகவும் வந்ததன்று. காணித்துண்டு ஒன்றின் ஆசையே அதனை அழைத்து வந்தது. கீழ்கரையில் முஸ்லிமின் குறையும் தமிழனின் குறையும் ஒன்றல்ல என்பதையும் வெளியார் எளிதில் மறந்துவிடுகின்றனர். டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நெடுங்காலம் தங்கி எழுதி 2008இல் வெளியிட்ட நூலொன்றே இருவரையும் அருகருகே இருத்தி, குடிமுறையும் தாய்வழியும் இருவருக்கும் பொதுவாயிருக்க அரசியல் இருவரையும் பிரித்தமையைக் காட்டியது.

இந்நூல்கள் அனைத்திலும் மிகக் குறைவாகப் பேசப்படுவோர் ஒருவர் உளர். சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர்ப்பரப்பினுள் மூழ்கியது வேடர்களின் வேட்டைக்காடு. தமிழர், முஸ்லிம், சிங்களவர் ஆகிய மூவரும் யார் முந்தியவர் என வழக்காடுகையில், வழக்கில் பெயரே பதியப்படாத அவர்களின் சார்பில் எழுதப்பட்டவை சில பக்கங்களே. பார்மரின் வினாவில் அவர்களுக்கு இடமில்லை. மான்மியத்தின் வரிசையில் அவர்கள் வெல்லப்பட்டோர். உடன்படிக்கைகளின் வாசகத்திலோ அவர்களைக் குறிக்கும் சொல்லே இல்லை.